ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில்

ஜூலை 3, புதன்

இது விலங்கியல் ரஃப் நோட்டின் பின்பக்கம். முன்பக்கத்தில் தவளையின் இதயம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். யாராவது எடுத்துப் பார்த்தால் தவளையோடு மூடிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். மாதா படத்துக்கு மேல் எரிகிற நீல ஜீரோ வாட் பல்பின் வெளிச்சம் ஒரு பக்கம் எழுதப் போதும்.

சாயங்காலம் ஊசி நூல் தேடி அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்தேன். யூனிஃபார்ம் டாப்ஸ் தொளதொளவென்று தொங்குகிறது, இடுப்பில் இரண்டு பக்கமும் பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஜூன் மாதம்தான் அம்மா தைத்தது. அம்மா அளவில் தப்புப் பண்ணுகிறவளே இல்லை. பன்னிரண்டு வருடம் தையல் கடையில் இருந்தவள்.

டப்பாவின் அடியில், நூல் சுற்றிய பாபின்களுக்குக் கீழே, ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி.

"என்னம்மா இது?"

"சத்து மாத்திரைட்டி. டப்பாவ மூடு, ஊசி குத்திரும்."

அட்டையைப் பிடுங்கிய வேகம் சத்து மாத்திரைக்கு உரிய வேகம் இல்லை. அதற்குள் பெயரின் முதல் ஆறு எழுத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். இப்போது உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன். எதையாவது பாதி தெரிந்துகொண்டால் எனக்குத் தூக்கம் வராது. பயத்திலும் வராது. இன்று இரண்டும்.

ஜூலை 4, வியாழன்

மெடிக்கல் கடை அண்ணனிடம் கையை நீட்டிக் காட்டினேன். "இது எதுக்குண்ணே?"

"யாருக்கும்மா?"

"பக்கத்து வீட்டு ஆச்சிக்கு." எங்கள் பக்கத்து வீட்டில் ஆச்சியே கிடையாது.

"சுகர் மாத்திரை. சாப்பிட்ட பெறவு போடச் சொல்லு."

கடையிலிருந்து வீட்டுக்கு நானூறு அடி இருக்கும். நடந்து முடிக்க ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கென்று இனி எண்ணிப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான்.

புத்தகத்தில் சர்க்கரை நோய் பற்றிய பாடத்தை எடுத்துப் படித்தேன். இன்னும் நடத்தவில்லை. அதிக தாகம், அதிக பசி, அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் எறும்பு வரும் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். உடனே எழுந்து போய்ப் பார்த்தேன். ஆமாம். எங்கள் பாத்ரூம் தரையில் ஓரமாக ஒரு வரிசை போகிறது. இரண்டு வாரமாகவே பார்த்திருக்கிறேன், சுவர் விரிசலிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பாவம் அம்மா.

ஜூலை 7, ஞாயிறு

இரவில் அம்மாவைக் கவனிக்கிறேன். நேற்று நான் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் நான்கு முறை எழுந்தேன். நான்கு முறையும் அம்மா அசையாமல் தூங்கினாள். அடிக்கடி எழ வேண்டியவள் ஒரு தடவைகூட எழவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது எல்லோருக்கும் பொருந்தாது போல.

காலையில் குடத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலம் ரொப்புனது. நீ புள்ளையா, ஒட்டகமாட்டி?" என்றாள்.

தூத்துக்குடி வெயில் அப்படி.

ஜூலை 12, வெள்ளி

எத்தல் சித்தி ஃபார்ம் கொண்டுவந்தாள். எத்தல் சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை, எதிர் வீடு. அம்மாவை அக்கா என்பாள், அதனால் எனக்குச் சித்தி. அவள் இறால் கம்பெனியில் ஐந்தாவது லைனில் இறால் உரிக்கிறாள். ஐஸ்கட்டி போல் குளிர்ந்த ஹாலில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அங்கே இருபது பேர் எடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். தையல் கடை மூடி ஐந்து மாதம் ஆகிவிட்டது. வள்ளியூர் மாமா போன வாரம் வந்து, "அடுத்த மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லன்னா வீட்டக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க. இவ கடையில கூடமாட நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் குரூப் இல்லை. மாமாவின் கடையில் ஃபேன்கூட இல்லை.

அம்மாவுக்கு ஃபார்ம் எழுதிக்கொடுக்கிறவள் நான்தான். என் எழுத்து அழகு. இந்த நோட்டின் மேலேயே ஃபார்மை வைத்து எழுதினேன். பெயர்: ம. அமலோற்பவம். வயது: 39. படிப்பு: பத்தாம் வகுப்பு. பன்னிரண்டாவது கேள்வி: "சர்க்கரை நோய், வலிப்பு, தோல் நோய் ஏதேனும் உண்டா?"

பேனாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா எத்தல் சித்தியைப் பார்த்தாள். எத்தல் சித்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இல்லைன்னு போடு மக்கா" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

போட்டேன். அழுத்திப் போட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஃபார்ம் போன பிறகும் இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை பள்ளமாக இருக்கிறது. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுந்து வந்தது: இல்லை. அழித்தேன். பள்ளம் அழியவில்லை.

ஜூலை 15, திங்கள்

இன்று ஸ்டெல்லா மிஸ் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்துகாட்டினார். அ, ஆ, இ என்று மூன்று குடுவை. உண்மையான சிறுநீர் இல்லையாம், மிஸ்ஸே குளுக்கோஸ் கலந்து தயாரித்தது. அப்படியும் கடைசி பெஞ்சில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசல். அதில் எட்டுச் சொட்டு. பிறகு சூடாக்க வேண்டும். அவ்வளவுதான். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் நிறம். 'இ' குழாயில் நீலம் கலங்கி, பச்சையாகி, கண் எதிரே செங்கல்லாக மாறியபோது எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது. ஒரு பொய்யைச் சூடாக்கினால் நிறம் மாறும் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பன்னிரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது. கை தட்டத் தோன்றவில்லை.

"ரெக்கார்டுக்கு இன்னொரு தடவை செஞ்சு பாக்கிறவங்க லஞ்ச் டைம்ல வரலாம்" என்றார் மிஸ். "வீட்டிலேருந்து சாம்பிள் கொண்டு வந்தாலும் சரி."

"சீ!" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் கனி கேட்டாள்: "ஏட்டி பிரின்சி, நீ ஏதும் பழ மிட்டாய் திங்கியா? உன் வாயில பழுத்த வாழைப்பழ வாசம் அடிக்கி. எனக்குந் தா."

நான் மிட்டாய் எதுவும் சாப்பிடவில்லை. அவள் நம்பவில்லை.

ஜூலை 18, வியாழன்

அம்மாவுக்கு நேர்காணல் நன்றாக நடந்தது. இனி மெடிக்கல் டெஸ்ட் மட்டும்தான். ஒரு குட்டி பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மேலே 14 என்று ஒட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை அதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். கம்பெனி நர்ஸ் அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்ப்பார். பட்டை சுத்தமாக இருந்தால் ரத்தம் எடுப்பதில்லை.

அம்மா பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தல் சித்தி வந்ததும் வராததுமாகச் சிரித்தாள்.

"இதுக்கா மொகத்த இப்பிடி வச்சிருக்கீய? அக்கா, எங்க லைன்ல நிக்கிற எல்லாவளும் வேற எவ மூத்திரத்தையோ குடுத்துட்டு உள்ள வந்தவதான். நான் என் மவளோடதக் குடுத்தேன். ராக்கினி தங்கச்சியோடதக் குடுத்தா. ஒருத்தி நாத்தனாரோடதக் குடுத்துட்டு நிக்கா, நர்ஸு என்ன சொல்லுதாவ? 'நீ முழுகாம இருக்கியேம்மா'ங்காவ! நாத்தனாருக்கே அப்பதான் தெரியும்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒனக்கென்ன, சின்னப் புள்ள. பளிங்கு மாதிரி இருக்கும்."

சித்தி போன பிறகு அம்மா என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதமாகச் சுகர். போன மார்ச்சில் வேறொரு கம்பெனியில் உள்ளதை உள்ளபடி சொன்னாளாம். மேசையில் இரண்டு அடுக்கு இருந்தது. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் ஃபார்மை இந்த அடுக்கிலிருந்து எடுத்து அந்த அடுக்கில் வைத்தானாம்.

"விரல்ல காயம் பட்டா ஆறாதாம். குளிர்ல மரத்துப்போயிருமாம். இத்தன வருசம் ஊசியோட கெடந்தவ, எனக்கா காயத்தப் பத்தித் தெரியாது?" என்றாள். "இதுல இன்னொரு கூத்து பாத்தியா? இந்த வேலை கெடச்சா இ.எஸ்.ஐ. கார்டு தருவாவ. மாத்திரை சும்மா கெடைக்கும். மாத்திரை வேணும்னு சொன்னா வேலை கெடைக்காது."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "மெடிக்கல் கடைல கேட்டேன்."

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "யார் பேரச் சொல்லிக் கேட்ட?" என்றாள்.

"பக்கத்து வீட்டு ஆச்சி."

அப்போதுதான் சிரித்தாள்.

ஜூலை 20, சனி

அம்மாவின் பாட்டிலில் என்னுடையதைப் பிடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு யோசனை. பரீட்சை எழுதும் முன்பு மாடல் எக்ஸாம் வைக்கிறார்கள் இல்லையா? திங்கட்கிழமை லஞ்ச் நேரத்தில் ஸ்கூல் லேபில் நம் இரண்டு பேருடையதையும் சோதித்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

"என்னோடது எதுக்கு? அது எப்பிடி இருக்கும்னுதான் தெரியுமே."

"எந்த நெறத்துல இருக்குன்னு தெரியாதுல்ல."

உண்மையில் அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பச்சையா, ஆரஞ்சா, செங்கல்லா. அம்மா எத்தனை நாள் இருப்பாள் என்பதை அந்த நிறம் சொல்லிவிடும் என்று தோன்றுகிறது. என்னுடையது வெறும் ஒப்பீட்டுக்கு. ஒப்பீட்டுக் குழாய் இல்லாத சோதனை சோதனையே இல்லை என்று மிஸ் சொல்வார்.

அம்மா அரை மனதாகச் சம்மதித்தாள். "யாருக்காவது தெரிஞ்சுது, கொன்னுருவேன்."

பழைய இருமல் மருந்து பாட்டில் இரண்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் அம்மாவுடையதற்குச் சிவப்பு ரப்பர் பேண்ட். நழுவாமல் இருக்க இரண்டு சுற்று.

ஜூலை 22, திங்கள்

லேபில் நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும் மட்டும்தான். மிஸ் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு குழாயையும் தனித்தனியாகச் சூடாக்கினேன். நாற்றத்தில் குமட்டியது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் குமட்டுகிறது.

ஒன்று நீலமாகவே இருந்தது. ஐந்து நிமிடம் சூடாக்கியும் துளி மாறவில்லை. மற்றது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நிற்கவே இல்லை, நேராகச் செங்கல். மிஸ் தயாரித்த 'இ' குழாயைவிட அடர்த்தி.

நீலம், ரப்பர் பேண்ட் போட்ட பாட்டிலிலிருந்து எடுத்தது.

ரப்பர் பேண்ட் வழுக்கியிருக்க வேண்டும். பையில் இரண்டு பாட்டிலும் உரசிக்கொண்டே வந்தன. ஒன்றிலிருந்து கழன்று, நான் எடுக்கும்போது இன்னொன்றில் மாட்டியிருப்பேன். அப்படி மாட்டியதாக ஞாபகம் இல்லை. ஆனால் வேறு எப்படி இருக்க முடியும்? சுகர் இருப்பது அம்மாவுக்கு.

மிஸ் எட்டிப் பார்த்து, "என்னம்மா, குளுக்கோஸை அப்படியே கொட்டிட்டியா? இவ்வளவு சிவப்பு வராது" என்றார்.

"கூடிப்போச்சு மிஸ்."

இரண்டு குழாயையும் கழுவினேன். செங்கல் படிவு அடியில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னட்டி ஆச்சு?"

"என்னோடது நீலம்."

"என்னோடது?"

"சிவப்பு."

அம்மா தலையை ஆட்டினாள். ராத்திரிக்குத் தனக்கு எடுத்து வைத்த மூன்று இட்லியில் இரண்டைத் திரும்ப எடுத்து என் தட்டில் வைத்துவிட்டாள். நான் எட்டு இட்லி சாப்பிட்டேன். அப்படியும் பசித்தது. சாப்பிடுகிறவள் மெலிவாளா? மெலிய மாட்டாள். ஆக அளவு தப்பாக எடுத்தது அம்மாதான்.

இரண்டு சுற்று சுற்றியிருந்தேன்.

வழுக்கியிருக்கும்.

ஜூலை 23, செவ்வாய், காலை

அம்மா பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கையை நீட்டினாள். 14 என்று எழுதிய பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். சூடாக இருந்தது. ஒரு நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடுட்டி, நேரமாவுது" என்றாள். விட்டேன்.

முதல் தடவையாகப் பகலில் எழுதுகிறேன், அம்மா போய்விட்டதால். கோடு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. எழுத்து மேலே ஏறிப் போகிறது. தூங்கினால் சரியாகும். ஆனால் ஸ்கூல் இருக்கிறது.

ஜூலை 31, புதன்

இதைப் பெரியாஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், பதினோராவது கட்டிலில் எழுதுகிறேன். நோட்டைக் கனி கொண்டுவந்து கொடுத்தாள். தவளை வரை பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாள் எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது, மூன்றாவது பீரியடில் போர்டு வெள்ளையாக ஓடியது, வாந்தி எடுத்தது, ஸ்டெல்லா மிஸ் என் முகத்தைக் கையில் பிடித்து மூச்சை முகர்ந்து பார்த்தது, அப்புறம் வாசலில் அம்மா. கம்பெனி டோக்கன் இன்னும் அவள் விரல் இடுக்கில் இருந்தது.

நடந்ததை அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது கொஞ்சம், தலை வாரிவிடும்போது கொஞ்சம்.

கம்பெனி நர்ஸ் பட்டையை முக்கினார். பார்த்தார். இன்னொரு பட்டை எடுத்து முக்கினார். அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது உங்களோடதா?"

"ஆமா."

"உங்களோடதுன்னா நீங்க இப்ப என் முன்னாடி நின்னு பேசிட்டு இருக்க மாட்டீங்கம்மா." நர்ஸ் சத்தம் போடவில்லையாம், மெதுவாகத்தான் சொன்னாராம். "சர்க்கரை மட்டும் இல்ல, கீட்டோனும் எக்கச்சக்கமா இருக்கு. உடம்பு சர்க்கரைய எடுத்துக்க முடியாம தன்னையே கரைச்சுக்கிட்டு இருக்கு. யாரோடதோ அவங்களை இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க."

பின்னால் பதினைந்தாம் நம்பரிலிருந்து இருபதாம் நம்பர் வரை வரிசையில் நின்றார்கள். பக்கத்து மேசையில் மேனேஜர் இருந்தார். எத்தல் சித்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாளாம்.

"என் மவளோடது" என்றாளாம் அம்மா. "அவளுக்குப் பதினாறு வயசு. ஸ்கூல்ல இருக்கா. எனக்கும் சுகர் உண்டு, ஃபார்ம்ல இல்லைன்னு எழுதுனது பொய்."

சொல்லிவிட்டு ஓட்டம். நர்ஸ்தான் பின்னாலேயே வந்து ஆட்டோ பிடித்து, கூடவே ஏறி உட்கார்ந்தார்.

எனக்கு வந்திருப்பது முதல் வகை. அம்மாவுடையது இரண்டாவது வகை. பெயர்தான் ஒன்று, இரண்டும் வேறு வேறு கதை என்று டாக்டர் சொன்னார். நான் நிறைய கேள்வி கேட்டேன். ஏன் எனக்கு? கணையத்தில் எந்த செல்? என்ன ஆயிற்று அதற்கு? டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீ பேஷண்டா, ஹவுஸ் சர்ஜனா?" என்றார். அவர் போன பிறகு போர்வைக்குள் அழுதேன். தினமும் ஊசி. எப்போதும்.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, ரப்பர் பேண்ட் வழுக்கல. ரெண்டு சுத்து சுத்தியிருந்தேன். எனக்கு அப்பவே..."

முடிக்கவில்லை. அம்மா என் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னத் தொடங்கினாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பாட்டில் குடுக்க முடியாதுல்ல. வள்ளியூருக்குப் போயிருப்போம்."

பின்னலை நுனிவரை பின்னி முடித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும்தான் தெரிஞ்சிருக்கணும். டாப்ஸுக்கு நான் அளவு தப்பா எடுக்க மாட்டம்லா."

ஆகஸ்ட் 5, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் இன்சுலின் எத்தல் சித்தி வீட்டு ஃபிரிட்ஜில், நெத்திலிக் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். முதலில் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி. வலி எறும்புக் கடி அளவுதான், அதற்கு முந்தின அரை நிமிடம்தான் பெரிய வலி. அது ஏன் என்று இன்னும் புரியவில்லை.

பாத்ரூமில் எறும்பு இல்லை. விரிசல் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கம்பெனி நர்ஸ் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று அவரே கொஞ்ச நேரம் பையோடு நின்றார். சிரிப்பாக இருந்தது.

பையில் பட்டை வைத்திருந்தார். அம்மாவுடையதையும் பார்த்தார். சுத்தம். நிறமே மாறவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்க, நல்ல கட்டுப்பாட்டுல இருக்கு. அன்னைக்கு உங்களோடதையே கொண்டு வந்திருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் முந்தானையை எடுக்கவில்லை.

"அப்பம் இவளுக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எத்தல் சித்தி ஒரு கையில் இன்சுலின் டப்பாவும் இன்னொரு கையில் புது ஃபார்முமாக வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"இனிமே மூத்திரத்த வீட்டுலருந்து கொண்டு வரப்படாதாம். அங்கயே பாத்ரூம் வாசல்ல ஆளு நிக்க வச்சு எடுக்காவ. எல்லாவளும் என்னையத் திட்டுதாளுவ. உங்களால எம் பொழப்பு நாறிப்போச்சுக்கா."

"நானா உன்னக் கேட்டேன்?" என்றாள் அம்மா.

"சரி விடுங்க. மேனேஜரு ஒரு வாரமா ஏசிட்டு, நேத்து அவராவே, அந்தப் பொம்பளைய டாக்டர் லெட்டரோட புதுசா எழுதித் தரச் சொல்லு, பாக்கலாம்னாரு. நர்ஸு பேசியிருப்பாவ போல. ஆனா ஒண்ணு." சித்தி குரலைத் தணித்தாள். "பைபாஸ்ல புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு. அங்க பட்டையும் கெடையாது, பாட்டிலும் கெடையாது. ஃபார்ம் மட்டுந்தான். இல்லைன்னு போட்டா அன்னைக்கே வேலை. இங்க ஆமான்னு எழுதிக் குடுத்துட்டு, மேனேஜரு தூக்கி அந்தப் பக்கம் வச்சாருன்னா என்ன செய்வீய? மாமா மாசக் கடைசில வாரேன்னிருக்காவல்லா?"

சித்தி போய்விட்டாள். ஃபார்ம் மேசைமேல் கிடந்தது. அம்மா அரிசி களைந்தாள், உலை வைத்தாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுது."

நோட்டை அடியில் வைத்துக்கொண்டேன். பெயர், வயது, படிப்பு. பன்னிரண்டாவது கேள்வியில் நிறுத்தினேன். பேனா மூடியைப் போட்டேன், மறுபடி திறந்தேன். போன தடவை அழுத்தி எழுதிவிட்டேன். அவ்வளவு அழுத்தியது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்த இன்னொரு அடுக்குல வச்சுட்டாங்கன்னா?"

"வைக்கட்டும்."

"வள்ளியூர்?"

"வள்ளியூர்ல ஆஸ்பத்திரி இல்லையா, ஃபிரிட்ஜு இல்லையா? கெடந்து பாப்போம்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு நீ ஒரு ஃபார்ம் எழுதுவேல்லா? காலேஜுக்கு, வேலைக்கு. அப்பம் எனக்குப் போன் போட்டு, 'அம்மா, என்ன போடட்டும்'னு கேப்ப. அன்னைக்கு நான் என்ன சொல்ல?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா எழுந்து ஓடினாள். அங்கிருந்தே கத்தினாள்: "பேனாவால எழுதுட்டி! கூட ரெண்டு வார்த்தை சேத்து எழுது. மாத்திரை சாப்பிடுறேன், வேலை பாக்க ஒரு தடையும் இல்லைன்னு!"

எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இதைச் சாயங்காலம் ஏழரை மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரிக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். தவளை என்றேன். "இம்புட்டுப் பேச்சாட்டி பேசுது அந்தத் தவளை?" என்றாள். தெரிந்தே வைத்திருக்கிறாள்.

மேனேஜர் டாக்டர் லெட்டரை இரண்டு முறை படித்தாராம். உரிக்கிற லைனில் போட மாட்டாராம், அங்கே இறால் முள் குத்தும். தரம் பிரிக்கிற மேசையில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பாராம். பெரியது, நடுத்தரம், சிறியது என்று கண்ணாலேயே அளந்து பிரிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார். சம்பளம் உரிக்கிறவர்களைவிடக் கொஞ்சம் குறைவு.

"அளவுதானே" என்றாள் அம்மா. "அதுல என்ன இருக்கு."

மாமாவுக்குப் போன் போட்டு, இந்த மாதக் கடைசியில் வரவேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

எத்தல் சித்தி வந்திருந்தபோது அம்மா தையல் டப்பாவைத் திறந்து, அவள் எதிரிலேயே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது காலையில ஒண்ணா, ராத்திரியும் உண்டாக்கா?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக்குக் கேட்பேன்.

எழுதிக்கொண்டே வந்ததில், இந்தப் பக்கத்தின் நடுவில் பேனா தடுக்குகிறது. விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளம். வெள்ளிக்கிழமை ஃபார்ம் இதன் மேல்தான் இருந்தது. பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவில் எழுந்து வந்தது: ஆம்.

அம்மா வெங்காயக் கையோடு எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மணி எட்டாவப் போவுது. ஊசி போடுட்டி."